பகடை இல்லாமல் பகடை உருட்டியவர்: பேராசிரியர் மஹலனோபிஸ்

கணினியின் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் இரண்டு பகடை எண்கள் வந்து நிற்கின்றன. பித்தளைத் தாயக்கட்டை இல்லை, சோழி இல்லை, உருட்டுகிற கையும் இல்லை. எத்தனை பகடை, நடுவில் 'டி' என்ற எழுத்து, ஒரு பகடைக்கு எத்தனை முகம் என்று எழுதினால் போதும். இரண்டு டி ஆறு என்றால் ஆறு முகப் பகடை இரண்டு. பலகை விளையாட்டு ஆடுவோருக்காக உலகம் முழுவதும் இப்படிப்பட்ட சிறு மென்பொருள்கள் இருக்கின்றன. கணினி படிக்கும் நம் பிள்ளைகள் பலர் முதலாம் ஆண்டிலேயே பயிற்சிக்காக இதை எழுதிப் பார்க்கிறார்கள். எழுதி முடித்துவிட்டு, இது மார்க்கத்தில் கூடுமா என்று நம்மிடம் வந்து கேட்கிறவர்களும் உண்டு.

பந்தயம் வைத்து ஆடும் சூது ஹராம் என்பதில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. பந்தயம் இல்லாமல் பகடை உருட்டி ஆடும் நர்து போன்ற ஆட்டங்களையும் பெரும்பான்மை இமாம்கள் தடுத்திருக்கிறார்கள். பந்தயம் இருந்தால்தான் தடை என்று சொன்ன சிலரும் உண்டு. அந்தச் சட்ட விவரம் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நாம் பார்க்க வேண்டியது பகடை என்ற பொருளை அல்ல, அது செய்யும் வேலையை. அறியாமைக் காலத்து அரபிகள், பயணம் போகலாமா வேண்டாமா என்று அம்புகளைக் குலுக்கிக் குறி கேட்டார்கள். திருக்குர்ஆன் அதைத் தடுத்தது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, துணைவியரில் யாரை உடன் அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். முன்னது மறைவானதை அறியத் துடிப்பது. பின்னது, தேர்ந்தெடுக்கும் இடத்தில் மனிதனின் விருப்பு வெறுப்பு நுழையாமல் பார்ப்பது.

இந்த இரண்டாவது வேலையை ஒரு நாடு முழுவதற்கும் செய்து காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் முஸ்லிம் அல்லர். கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் பிரசந்த சந்திர மஹலனோபிஸ். கட்டளைத் திரையில் பகடை உருட்டும் பிள்ளைகள் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். சணல் வயலிலும் ஓலைக் குடிசை வாசலிலும் அதே வேலையைக் காகிதத்தில் செய்தவர் அவர்.

1893 ஜூன் 29ல் பிறந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்து 1912ல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு இங்கிலாந்து போனார். அவர் சேர நினைத்திருந்தது லண்டன் பல்கலைக்கழகம். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், கடைசி ரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு ஒரு நண்பரின் அறையில் தங்கினார். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் மனதைக் கவர்ந்துவிட்டது என்று அவர் சொல்ல, அப்படியானால் அங்கேயே சேர்ந்துவிடலாமே என்று நண்பர் யோசனை கொடுத்தார். காலையில் போய்க் கேட்டார், இடம் கிடைத்தது. ஒரு ரயில் தவறியதில் ஒரு வாழ்க்கை திரும்பியது. இதை நாம் கத்ர் என்போம். அவர் என்ன பெயர் வைத்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நண்பர்களில் ஒருவர் நம் பக்கத்துக் கும்பகோணத்துக்காரர், கணித மேதை ராமானுஜன். குளிர்காலத்தில் ராமானுஜனின் அறைக்குப் போன மஹலனோபிஸ், இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திப் படுத்தும் குளிர்கிறது என்று பதில் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி வைத்திருந்தார்கள். கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். மஹலனோபிஸ்தான் கம்பளியைத் தூக்கிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். இன்னொரு நாள் ராமானுஜன் அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருக்க, பத்திரிகையில் வந்திருந்த ஒரு தெருவீட்டு எண் புதிரை மஹலனோபிஸ் படித்துக் காட்டினார். தாம் யோசித்துக் கண்டுபிடித்த ஒரு விடையைத்தான் அவர் எதிர்பார்த்தார். ராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, அந்தப் புதிருக்கு வரக்கூடிய எல்லா விடைகளையும் தருகிற ஒரே சூத்திரத்தைச் சொல்லிவிட்டார்.

1915ல் படிப்பு முடிந்தது. உலகப் போரால் கப்பல் தாமதமானது. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளை ஓர் ஆசிரியர் அவருக்குக் காட்டினார். இயற்பியல் மாணவர் அதைப் புரட்டினார், விடவில்லை. தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். இந்தியாவில் புள்ளியியல் என்ற துறை ஒரு பயணியின் பெட்டியில் வந்து இறங்கியது என்று சொன்னால் பெரிய மிகையாகாது.

பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் எண்களோடு உட்கார்ந்தார். 1922ல் வடக்கு வங்காளத்திலும் 1926ல் ஒரிசாவிலும் பெருவெள்ளம் வந்தது. ஒரிசாவில் ஆற்றுப்படுகை மேடாகிவிட்டது, கரையை உயர்த்துவதே வழி என்று பொறியாளர்கள் சொன்னார்கள். பல பத்தாண்டு மழை அளவையும் நீர்மட்டத்தையும் வைத்துப் பார்த்து, படுகை உயரவில்லை, மேலே அணை கட்டி நீரைத் தேக்குவதே வழி என்றார் இவர். தாகூரோடு நெருங்கிப் பழகினார். சாந்திநிகேதனின் விஸ்வபாரதிக்குப் பத்தாண்டுகள் செயலாளராக இருந்தார். 1923ல் நிர்மல்குமாரி என்ற ராணியை மணந்தார். மாமனாருக்கு முழுச் சம்மதம் இல்லாத திருமணம் அது.

கல்லூரியில் அவருக்கு ஒதுக்கிய அறையின் ஒரு பகுதியே ஆய்வுக்கூடம் ஆனது. அதிலிருந்து 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது. முதல் ஆண்டின் மொத்தச் செலவு 238 ரூபாய். 1933ல் 'சங்க்யா' என்ற இதழைத் தொடங்கினார். அதன் முதல் தொகுதியிலேயே, 1934ல், நம் தலைப்புக்கு நேரடியாக வரும் ஒரு வேலையைச் செய்தார்கள்.

இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 1927ல் டிப்பெட் என்ற ஆங்கிலேயர் 41,600 இலக்கங்கள் கொண்ட ஒரு சிறு நூலை வெளியிட்டிருந்தார். மக்கள் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களை உருவி எடுத்து வரிசையாக அச்சிட்டிருந்தார். படிக்க அதில் எதுவும் இல்லை; எந்த இலக்கத்துக்குப் பின் எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். நம் பாடநூல் மொழியில் இவை சமவாய்ப்பு எண்கள். மஹலனோபிஸும் உடன் உழைத்தவர்களும் இந்த இலக்கங்களை எடுத்து, உயரம், எடை போன்ற அளவுகள் ஒரு கூட்டத்தில் எப்படிப் பரவியிருக்குமோ அப்படிப் பரவிய ஆயிரக்கணக்கான போலி அளவுகளாக மாற்றி அட்டவணை போட்டார்கள். உண்மையில் ஆயிரம் பேரை அளக்காமலே ஆயிரம் பேரை அளந்தால் என்ன கிடைக்கும் என்று சோதித்துப் பார்க்க அது உதவியது. இன்று கணினி நொடியில் செய்யும் போலச்செய்தலை அவர்கள் கையால் செய்தார்கள்.

அந்த நூலை வைத்துப் பகடை உருட்டுவது எப்படி? எங்கேனும் ஓரிடத்தில் தொடங்கி இலக்கங்களை வரிசையாகப் படியுங்கள். 1 முதல் 6 வரை வந்தால் அதுவே பகடையின் எண். 7, 8, 9, 0 வந்தால் ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒதுக்க மனமில்லாமல் 7ஐ 1 என்றும், 8ஐ 2 என்றும், 9ஐ 3 என்றும், 0வை 4 என்றும் வைத்துக்கொண்டால், அந்த நான்கு எண்களும் 5, 6ஐ விட இரு மடங்கு அடிக்கடி விழும்; பகடை கோணலாகிவிடும். கட்டளைத் திரையில் ஓடும் ஒழுங்கான பகடை மென்பொருளும் இதையே செய்கிறது. பொருந்தாத எண் வந்தால் எறிந்துவிட்டு மறுபடி கேட்கிறது. அதைச் செய்யாமல் அவசரமாக ஆறால் வகுத்து மீதியை எடுக்கும் பிள்ளைகளின் பகடையில் சின்ன ஓரவஞ்சனை ஒளிந்திருக்கும். சொல்லித் தராவிட்டால் அது கண்ணில் படவே படாது.

மஹலனோபிஸ் இந்த எண்களை வயலுக்குக் கொண்டு போனார். வங்காளத்தின் பணப்பயிர் சணல். எவ்வளவு விளையும் என்று முன்கூட்டித் தெரியாமல் அரசும் வியாபாரிகளும் தடுமாறினார்கள். எல்லா வயல்களையும் அளக்கலாம், அல்லது சிலவற்றை மட்டும் அளந்து மற்றதைக் கணிக்கலாம். சிலவற்றை என்றால் எவற்றை? அதை அளக்கப் போகும் ஊழியரிடம் விட்டால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். சாலையோரத்து வயல் அளக்கப்படும். சேறும் அட்டையும் நிறைந்த உள்வயல் விடுபடும். மோர் கொடுத்து உட்காரச் சொல்லும் பண்ணையார் கணக்கில் வருவார். வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் குத்தகைக்காரர் வரமாட்டார். ஊழியர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை, களைப்பு ஒன்றே போதும். அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மனிதனிடமிருந்து பிடுங்கி எண்களிடம் கொடுத்தார். 1937ல் சிறு அளவில் தொடங்கி, 1941ல் வங்காளம் முழுவதும் மாதிரிக் கணக்கெடுப்பு நடந்தது.

எண் சொன்ன இடத்துக்கு ஊழியர் உண்மையில் போனாரா, வீட்டில் உட்கார்ந்து எழுதினாரா என்பதற்கும் வழி வைத்தார். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகள், தனித்தனி ஆட்கள். இரண்டு முடிவும் ஓரளவுக்கு மேல் விலகினால் எங்கோ கோளாறு. எளிமையான யோசனைதான். அவர் செய்தவற்றில் மிகவும் புத்திசாலித்தனமானது இதுவே என்பது நம் எண்ணம்.

பலன் என்ன? ஓர் ஆண்டுச் சணல் விளைச்சலை மாதிரி முறை சுமார் 75.4 லட்சம் பேல் என்று மதிப்பிட்டது. ஒவ்வொரு வயலாகப் போன முழுக் கணக்கெடுப்பு சுமார் 63 லட்சம் என்றது. பின்னர் சுங்கத்திலும் வியாபாரத்திலும் பதிவான அளவு சுமார் 75.6 லட்சம். முழுக் கணக்குக்கு 33,000 ஆட்களும் 82 லட்சம் ரூபாயும் செலவாயின. மாதிரிக்கு 600 ஆட்களும் 8 லட்சமும் போதுமானதாக இருந்தன. எல்லோரையும் எண்ணினால்தான் உண்மை வரும் என்று நினைத்தவர்களுக்கு இது ஜீரணிக்க முடியாத செய்தி. எதிர்ப்பும் இருந்தது. பயிர் விளைச்சலை அளக்க எவ்வளவு பெரிய துண்டு நிலத்தை அறுத்துப் பார்க்க வேண்டும் என்பதில் சுகாத்மே போன்ற சிறந்த புள்ளியியல் அறிஞர்களோடு அவருக்கு நீண்ட சச்சரவு நடந்தது. எல்லாவற்றிலும் அவர் பக்கமே நியாயம் இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. தம் வழியே வழி என்று நிற்கிற சுபாவமும் அவருக்கு இருந்தது.

1943ல் வங்காளப் பஞ்சம். இலட்சக்கணக்கான மக்கள் செத்து மடிந்தார்கள். கிழக்கு வங்காளத்து ஏழை முஸ்லிம்கள் அதில் ஏராளம். பஞ்சம் ஓய்ந்த பின், யார் எவ்வளவு இழந்தார்கள் என்று அறிய மஹலனோபிஸின் நிறுவனம் கிராமங்களையும் குடும்பங்களையும் மாதிரி முறையில் எடுத்து ஆராய்ந்தது. நிலமற்ற கூலிகளும் மீனவர்களுமே மிக மோசமாக நொறுங்கிப் போயிருந்தது எண்களில் வெளிப்பட்டது. இவர்கள் அதிகாரியின் வாசலுக்கு வந்து மனுக் கொடுப்பவர்கள் அல்லர்.

1945ல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. நாடு விடுதலை பெற்றதும் நேரு அவரை அமைச்சரவையின் புள்ளியியல் ஆலோசகராக்கினார். 1950ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. இந்தியாவின் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் சுமார் 1,800ஐ மட்டும் எடுத்து, மக்கள் என்ன உண்கிறார்கள், எதற்குச் செலவிடுகிறார்கள் என்று கேட்டார்கள். அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து இரண்டரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அம்மன் காசு புழங்கிய அந்தச் சிறு நாட்டின் குக்கிராமமும், பம்பாயின் பக்கத்து ஊரும் ஒரே பட்டியலில் ஒரே உரிமையோடு நின்றன. எந்தப் பெயர் விழும் என்று டெல்லியில் இருந்தவருக்கும் தெரியாது.

அந்த ஆய்வு இன்றும் நடக்கிறது. அறந்தாங்கிப் பக்கமோ, கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற கடலோர ஊர்களிலோ ஒருவர் வந்து கதவைத் தட்டினால், நம் மக்களுக்கு முதலில் எழுவது ஒரு கேள்வி: இத்தனை வீடு இருக்க என் வீட்டுக்கு ஏன்? 2020ல் குடியுரிமைச் சட்டப் பதற்றத்தின் போது இந்தக் கேள்வி நாட்டின் பல இடங்களில் கோபமாகவே வெடித்தது. ஆய்வு ஊழியர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். வந்தவரின் அடையாள அட்டையைப் பார்ப்பதும், எந்த ஆய்வு என்று கேட்பதும் நம் உரிமை. ஆனால் மாதிரி ஆய்வாக இருந்தால், என் வீட்டுக்கு ஏன் என்பதற்குப் பதில் மஹலனோபிஸின் எண்கள்தான். கிராமத்தின் வீடுகளை வரிசையாக எழுதி எண் போடுவார்கள். சமவாய்ப்பு எண் எங்கே விழுகிறதோ அந்த வீடு. பெயரைப் பார்த்தோ தெருவைப் பார்த்தோ எடுத்தால் ஆய்வே பாழாகிவிடும். நாம் கதவைச் சாத்தினால், நம்மைப் போன்ற வீடுகளின் பசியும் வேலையின்மையும் படிப்புச் செலவும் கணக்கில் குறைந்துபோகும். சமுதாயத்தின் பின்தங்கிய நிலைக்கு ஆதாரம் காட்டு என்று கேட்கப்படும்போது, இந்த ஆய்வுகளின் எண்களைத்தான் நம் தலைவர்களும் எடுத்து நீட்டுகிறார்கள்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வடிவமைத்தவர் என்றே வரலாற்று நூல்கள் அவரை அதிகம் பேசுகின்றன. கனரகத் தொழிலுக்கு முதலிடம் கொடுத்த அந்தத் திட்டத்தைப் புகழ்ந்தவர்களும் உண்டு, வேளாண்மையைப் பின்னுக்குத் தள்ளியது என்று குறை சொன்னவர்களும் உண்டு. அதை விட்டு விடுவோம். நமக்கு வேண்டியது, திட்டக் கணக்குக்காக அவர் கணினியைத் தேடிப் போனது. இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணினியை 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து அவரது நிறுவனம் கல்கத்தாவில் இறக்கியது. பிறகு சோவியத் நாட்டின் ஊரல் கணினியும் வந்தது.

கணினி வந்ததும் சமவாய்ப்பு எண் நூல்களின் காலம் மெல்ல முடிந்தது. இயந்திரமே எண்ணை உண்டாக்க வேண்டும். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம் எப்படிச் சொல்லாததைச் சொல்லும்? அமெரிக்காவில் ஜான் வான் நாய்மன் 1940களிலேயே ஒரு தந்திரம் செய்திருந்தார். நான்கு இலக்க எண் ஒன்றைத் தன்னாலேயே பெருக்கி, நடு நான்கு இலக்கங்களை எடுக்க வேண்டும். 1234 என்றால் பெருக்குத்தொகை 01522756, நடுவில் 5227. அதைப் பெருக்கினால் 27321529, நடுவில் 3215. இப்படியே போகும். பார்க்கத் தாறுமாறாக இருந்தாலும் சில சமயம் சுழன்று வந்த எண்ணே வரும், அல்லது பூஜ்யத்தில் போய் நிற்கும். பின்னால் வந்தவர்கள் இதைவிட நல்ல சூத்திரங்களைக் கண்டார்கள். ஆனாலும் தொடக்க எண்ணாகிய விதை ஒன்றாக இருந்தால் வரும் பகடைகளும் ஒன்றே. அதனால் இன்றைய கணினிகள் விசைகளை நாம் தட்டும் இடைவெளி, கருவிகளின் இரைச்சல் போன்ற முன்கூட்டிச் சொல்ல முடியாதவற்றிலிருந்து விதை எடுக்கின்றன. பிள்ளைகள் எழுதும் பகடை நிரலில் விதையை மாற்றாமல் விட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே எண்கள் அதே வரிசையில் வரும். எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரும். அதே நிரலை வைத்து யாரேனும் ஜமாஅத்தின் வீட்டுமனைக்குச் சீட்டுக் குலுக்கினால் சிரிப்பு வராது.

மஹலனோபிஸ் கடைசி வரை ஓயவில்லை. 1959ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அவரது நிறுவனம் தேசிய முக்கியத்துவம் பெற்றது. 1968ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 1972 ஜூன் 28ல் காலமானார். மறுநாள் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும். 2007 முதல் ஜூன் 29ஐ இந்திய அரசு புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது. கல்கத்தா பாரக்பூர் சாலையில் நிறுவன வளாகத்துக்குள் அவரும் ராணியும் வாழ்ந்த 'ஆம்ரபாலி' வீடு இன்று அருங்காட்சியகம். மாதிரி ஆய்வு ஊழியர்கள் இப்போது கையில் கைக்கணினியோடு வருகிறார்கள்.